பயந்தாங்கொள்ளி கேட்ட சத்தம்

அவளுக்குப் பயம் தராத பொருள் என்று உலகத்தில் ஒன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல்லி என்றால் பயம். இடி என்றால் பயம். லிஃப்ட் என்றால் உயிரே போய்விடும். ஐந்தாவது மாடியில் வேலை, தினமும் படியேறித்தான் போவாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனதும், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். போன் அடித்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அம்மா போய்விட்ட செய்தி போனில்தான் வந்தது. அப்போது அவளுக்குப் பதினேழு வயது, தங்கைக்கு எட்டு. அன்று முதல் தங்கைக்கு அவளே அம்மா. அந்தத் தங்கைதான் அவளுக்குப் 'பயந்தாங்கொள்ளி' என்று பட்டம் கட்டினாள். வீட்டில் கட்டிய பட்டம் கடைக்கு வந்து, கடைவீதி முழுக்கப் பரவிவிட்டது.

அந்தப் பயம்தான் இருவருக்கும் சோறு போட்டது என்றால் நம்புவீர்களா?

பழைய கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் கடையில் அவளுக்கு வேலை. அலுவலகங்கள் கழித்துக் கட்டிய ஹார்ட் டிஸ்க்குகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எதை இன்னும் நம்பலாம், எது இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பிரித்து வைப்பதுதான் அவள் வேலை. இத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறேன் என்று டிஸ்க்கே கணக்குச் சொல்லும். அவள் அதை நம்பமாட்டாள். அந்தக் கணக்கை அழித்துப் புதிதாகக் காட்டும் கெட்டிக்காரர்கள் ஊரில் நிறைய. டிஸ்க்கைக் கவிழ்த்து, திருகு போடும் துளைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பாள். கேபிள் சொருகும் இடத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு மின்சாரம் கொடுத்து, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதைப் போல உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். தன்னிடம் கெட்டுப்போன இடங்களை டிஸ்க் தானே ஒதுக்கி வைத்திருக்கும். அது எத்தனை என்று சோதனைக்கு முன்னும் பார்ப்பாள், நாள் முழுக்க ஓடவிட்டுப் பின்னும் பார்ப்பாள். எண்ணிக்கை அப்படியே இருந்தால் பழைய காயம், ஆறிவிட்டது. ஒன்று கூடியிருந்தாலும் விற்கவிட மாட்டாள்.

கடைக்காரர் அவளுக்குப் பெரியப்பா மகன். வாடிக்கையாளர்களிடம் அவர் பெருமையாகச் சொல்வார்: "எங்க பயந்தாங்கொள்ளி பார்த்த டிஸ்க்குங்க. தன் நிழலையே ரெண்டு தடவை சோதிச்சுட்டுத்தான் கூட நடக்க விடுவா."

அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் காலை போன் வந்தது. தங்கை. அழுகைக்கு நடுவே இரண்டு வார்த்தைகள்தான் காதில் விழுந்தன. "அக்கா... போலீஸ்..."

தங்கை ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்தாள். முந்தைய நாள் மதியம் அங்கே ஒரு இரண்டு வயதுப் பையனின் கை முறிந்துவிட்டது. அலமாரியில் ஏறி விழுந்தான் என்று தங்கை சொன்னாள். இல்லை, ஆயாதான் கையைப் பிடித்து முறுக்கியிருக்கிறாள் என்றார்கள் பையனின் பெற்றோர். பையனுக்கோ இன்னும் பேச்சே சரியாக வரவில்லை. கூடத்தில் கேமரா இருந்தது. அதில் பதிவானதைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் காவல் நிலையத்துக்குப் போவதென்று பையனின் அப்பா வந்து உட்கார்ந்திருந்தார்.

அவள் காப்பகத்துக்கு ஓடினாள். தங்கை சுவரோடு சுவராக நின்றிருந்தாள். காப்பகத்து அம்மாள் மேஜை மேலிருந்த ரெக்கார்டர் பெட்டியில் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் பாயில் படுத்திருப்பது தெரியும். கொஞ்ச நேரத்தில் படம் உறைந்துபோகும். அப்புறம் பெட்டி அசையாது. அணைத்து மறுபடி போடுவாள். மறுபடி அதே இடம். அந்த நிமிஷத்தை மட்டும் வேண்டுமென்றே அழித்துவிட்டீர்கள் என்று பையனின் அப்பா கத்திக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை போடு, இன்னொரு தடவை போடு என்று மேஜையைத் தட்டினார்.

அந்தக் கூச்சலிலும் பயந்தாங்கொள்ளியின் காதில் அது விழுந்தது. பெட்டிக்குள்ளிருந்து வந்தது. டிக்... டிக்... பிறகு மூச்சை உள்ளிழுத்தது போல ஒரு மௌனம். மறுபடி டிக்.  எத்தனையோ டிஸ்க்குகள் அவள் கையிலேயே அந்தச் சத்தத்தோடு கண்ணை மூடியிருக்கின்றன.

எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மேஜையைச் சுற்றிப் போய், பிளக்கைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

 பையனின் அப்பா எழுந்தார். ஆள் வாட்டசாட்டம். "இது யாரு?" என்றார். அக்கா என்று தெரிந்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. "ஓஹோ, மிச்சத்தையும் அழிக்க அக்கா வந்தாச்சா?"

 பிளக்கைக் கையில் பிடித்தபடியே பேசினாள்.

"அது செத்துக்கிட்டு இருக்குங்க. இன்னொரு தடவை ஓட்டினா எதுவுமே மிஞ்சாது. பிளக்கைப் போட்டு வெச்சா, பழைய படத்து மேலேயே புதுசா எழுதிக்கிட்டும் இருக்கும். என்கிட்ட குடுக்க வேண்டாம். நீங்களே கழட்டி, நீங்களே எடுத்துட்டு வாங்க. எங்க கடையில உங்க கண்ணு முன்னாடி இன்னொரு டிஸ்க்குல எடுத்துடறேன்."

முன்பின் தெரியாத ஒருவரிடம் அவள் வாழ்நாளில் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவர் அவளையே உற்றுப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் பெட்டியைக் கழற்றத் தொடங்கினார்.

வாசல் வரை வந்த தங்கை அவள் காதோரம் கேட்டாள். "நீயும் சந்தேகப்படறியாக்கா?"

அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். தங்கைக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் தட்டைத் தூக்கி எறிந்தவள். போன வாரம்கூட வேலை முடிந்து வந்து, "இந்தப் பிள்ளைங்களை மேய்க்கறதுக்குள்ள பைத்தியமே பிடிச்சுடும்" என்றாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி கை மீறிப்போயிருந்தால்? பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தவளுக்கு இந்த நினைப்பு வரலாமா? வந்துவிட்டதே.

கடை இருந்த கட்டடத்தில் அவர் நேரே லிஃப்ட்டுக்குப் போனார். அவள் படிப்பக்கம் திரும்பினாள். லிஃப்ட் என்றால் பயம் என்று சொன்னாள். அவர் நம்பவில்லை. தன்னை மேலே அனுப்பிவிட்டு இவள் எங்கேயாவது ஓடிவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ, துண்டில் சுற்றிய டிஸ்க்கோடு அவள் பின்னாலேயே ஏறினார். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றார்.

"இந்த லிஃப்டுக்கு சர்வீஸ் பண்றதே நான்தாம்மா. என்னையே மாடிப்படி ஏற வெச்சுட்டியே" என்றார்.

மேஜை விளக்கடியில் டிஸ்க்கை வைத்தபோது அவள் விரல்கள் நடுங்கிய நடுக்கத்தில் கேபிள் சொருகவே முடியவில்லை. அவர் வாங்கிச் சொருகினார். இரும்புக்குப் பழகிய கை, அசையாத கை. மின்சாரம் கொடுக்கும் முன் அவள் டிஸ்க்கைக் கவிழ்த்துக் காட்டினாள். மேலே ஒட்டிய காகிதம் பளபளவென்று புதிதாக இருந்தது. திருகு துளைகளோ தேய்ந்து வழவழத்துக் கிடந்தன. கேமரா மாட்டியவன் பழையதைப் புதியதென்று காப்பகத்து அம்மாளின் தலையில் கட்டியிருக்கிறான்.

அவர் துளையில் நகத்தை விட்டுப் பார்த்தார். லிஃப்ட் கயிறும் இப்படித்தான் என்றார். எண்ணெய் பூசினால் புதியது போல மின்னும். அதனால் அவர்கள் கயிற்றின்மேல் ஒரு துணியை ஓட்டிப் பார்ப்பார்களாம். உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளுமாம். சொல்லிவிட்டு, எதிரியோடு பேசிவிட்டோமே என்பது போல முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"சரி. அந்த நிமிஷத்தை மட்டும் முதல்ல எடு. மத்தது எனக்கு வேண்டாம்."

அவள் கை விசைப்பலகையின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

அந்த இடம்தான் டிஸ்க்கின் புண். முதலில் அங்கே போனால் டிஸ்க்கைப் படிக்கும் முள் அதிலேயே முட்டி முட்டி, அரைமணியில் எல்லாம் முடிந்துவிடும். ஒரு படமும் மிஞ்சாது. அவர் சொன்னதைத்தான் செய்தாள் என்று ஆகிவிடும், அவளை யார் குறை சொல்ல முடியும்? சாட்சியே இல்லாவிட்டால் தங்கைமேல் எதை நிரூபிக்க முடியும்? தங்கை ஒருவேளை... ஒருவேளை அப்படிச் செய்திருந்தால்கூட, அது இந்த டிஸ்க்கோடு செத்துப்போகும். 'சரிங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.  நீயும் சந்தேகப்படறியாக்கா என்ற குரல் காதைவிட்டுப் போகவில்லை.

"இல்லைங்க" என்றாள். "புண்ணை விட்டுட்டு, சுத்தி இருக்கற நல்ல இடத்தை முதல்ல எடுக்கணும். அந்த இடத்துக்குக் கடைசியாத்தான் போகணும், அதுவும் பின்பக்கமா, முடிவுலேர்ந்து முன்னாடிக்கு. நீங்க சொன்னபடி செஞ்சா எதுவும் வராது. வராட்டி என் தங்கச்சிக்கு நல்லதுன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்றேன்."

 அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பகல் முழுக்க அப்படியே கழிந்தது. திரையில் பச்சைக் கோடு நகரும், நிற்கும், தாண்டிப்போகும். ஒவ்வொரு தடவை டிஸ்க் முனகும்போதும் அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கடைக்காரர் டீ வைத்துவிட்டுப் போனார், இருவருமே தொடவில்லை. பையனின் அப்பாவுக்கு நடுவில் இரண்டு முறை மனைவியிடமிருந்து போன் வந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு பையன் அழும் சத்தம் அவளுக்கும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அவளுக்கும் கண் கலங்கியது. அழுத தங்கையையும் அவள் தோளில் சாய்த்துத் தட்டித்தானே தூங்க வைத்தாள்?

எல்லாம் வந்தது, ஒரு துண்டைத் தவிர. அந்தத் துண்டுக்குப் பின்பக்கமாகப் போனாள். கொஞ்சம் கொடுத்தது. இன்னும் கொஞ்சம் கொடுத்தது. பிறகு டிக், டிக், டிக் என்றது. உள்ளங்கையின் கீழே சுழற்சி தளர்ந்து, அடங்கி, நின்றுபோனது. கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நகல் டிஸ்க்கைக் கடையிலிருந்த ரெக்கார்டரில் மாட்டினார்கள். மாட்டியதும் அவர்தான். படம் ஓடியது.

பாயில் குழந்தைகள். தங்கை கூடத்தின் கோடியில், குளியலறைக் கதவருகே, வேறொரு குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறாள். பையன் எழுந்து தத்தித் தத்தி அலமாரிக்குப் போகிறான். அதன் கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறுகிறான். கை மேலே எதையோ எட்டுகிறது. அங்கே படம் கறுத்தது. மீண்டும் வெளிச்சம் வந்தபோது பையன் தரையில் கிடந்தான். தங்கை கூடத்தின் நடுவில் ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள் இடுப்பில் அந்த இன்னொரு குழந்தை, பாதிச் சட்டையோடு.

பயந்தாங்கொள்ளி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தங்கை தப்பினாள் என்ற ஆறுதல் பாதி. அவளைச் சந்தேகப்பட்டோமே என்ற வெட்கம் மீதி.

அவர் அழவில்லை. திரையில் விரலை வைத்தார். "எதை எட்டறான்?" அலமாரி உச்சியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. படத்தைப் பின்னோக்கி ஓட்டினார். மதியம் போய்க் காலை வந்தது. வாசலில் ஓர் ஆள், இடுப்பில் பையன். பையன் கையில் சிவப்பு பஸ் பொம்மை. வீட்டு பொம்மைகளை உள்ளே விடக் கூடாதென்பது காப்பகத்துச் சட்டம். அழுத பையனிடமிருந்து அந்த ஆள் பஸ்ஸை வாங்கி, கை நீட்டி அலமாரியின் உச்சியில் வைக்கிறான். சாயங்காலம் எடுத்துக்கலாம் என்று சைகை காட்டுகிறான். முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறான்.

திரும்பிய முகம் அவருடையது.

  அவர் மெதுவாக எழுந்தார். நகல் டிஸ்க்கைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

 உலகத்தில் இருப்பது அந்த ஒரே நகல். தங்கையைக் காப்பாற்றுவதும் அதுதான், அவரைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான். போகிற வழியில் ஒரு சாக்கடை போதுமே. பின்னாலேயே ஓடினாள். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது. படியில் இறங்கினால் அவரைப் பிடிக்க முடியாது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே காலை வைத்துவிட்டாள்.

லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி இறங்கியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, பற்கள் கிடுகிடுக்க நின்றாள். இருட்டுக்குள் அவர் குரல் கேட்டது, கரகரத்து.

"பயப்படாதேம்மா. நல்ல கயிறு. நான் பார்த்த கயிறு."

அவள் கையில் ஏதோ கனமாக, இன்னும் சூடாக வந்து அமர்ந்தது. தொட்டதும் தெரிந்துவிட்டது; டிஸ்க்.

காப்பகத்தில் தங்கை காலையில் நின்ற அதே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் அலமாரிக்குப் போய், உச்சியிலிருந்த சிவப்பு பஸ்ஸை எடுத்தார். தங்கையின் முன்னால் வந்து நின்றார். அந்த வாட்டசாட்டமான உடம்பு கூனிப்போயிருந்தது.

"இதை மேல வெச்சது நான்தான். அதை எடுக்கத்தான் ஏறியிருக்கான். அவங்க அம்மாகிட்டயும் சொல்லிடறேன்" என்றார். பிறகு, "கட்டு பிரிச்சதும் கொண்டாந்து விடுவேன். இனிமே அவன் கேட்டா இதைக் கையிலயே குடுத்துடுங்க. சட்டம் கிட்டம் பார்க்க வேண்டாம்."

தங்கை பஸ்ஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் போன பிறகு அக்காவைப் பார்த்தாள். காலையில் கேட்ட கேள்வி இன்னும் அந்தக் கண்ணில் இருந்தது.

"பயந்தேன்டி" என்றாள் அக்கா. 

தங்கை அவள் நடுங்கும் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். "நீ என்னிக்குப் பயப்படலை?" என்றாள். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், அந்தக் கை நிதானத்துக்கு வரும்வரை.