வளைவுக் கிணறு

என் மனைவிக்குப் பயம் கொஞ்சம் அதிகம் என்றுதான் கல்யாணமான புதிதில் நினைத்தேன். வெளியூர் கிளம்பினால், பூட்டிய கதவைத் திறந்து காஸ் ரெகுலேட்டரை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருவாள். மழைக்காலத்தில் செருப்பைத் தட்டாமல் காலில் போட விடமாட்டாள். கோடையில் வைக்கோல் போர்ப் பக்கம் யாராவது பீடி பற்றவைத்தால், அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் எழுப்பி அனுப்பிவிடுவாள். பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் உரக்கடையில் இதையெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

செட்டிகுளத்தில் எங்கள் வீட்டுக்குப் போகும் மண்பாதை ஓரிடத்தில் வளையும். அந்த வளைவை ஒட்டி, எனக்குப் பெரியப்பா முறையுள்ள ஒருவரின் பழைய கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது. ஐப்பசி மழையில் புல் மண்டி, தண்ணீரும் மேலே வந்துவிட்டால் எது பாதை, எது கிணறு என்று தெரியாது. பிறந்ததிலிருந்து பார்க்கிற கிணறு என்பதால் எங்களுக்கு அது ஆபத்தாகவே படவில்லை. உடையார்பாளையம் பக்கமிருந்து வாழவந்தவளுக்குத்தான் பட்டது.

பெரியப்பாவிடம் போய் நின்றாள். "மாமா, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க சைக்கிள்ல போற பாதைங்க. ஒரு சுவரு வச்சிருங்களேன்."

"எங்கப்பா காலத்துலேர்ந்து ஒரு கோழிகூட அதுல உளுந்ததில்லம்மா," என்றார் அவர். "வெங்காயத்தப் போட்டுட்டு மானத்தப் பாத்துகிட்டு உக்காந்திருக்கேன். இப்பப் போயி சுவரா?"

மறுநாள் அரிவாளோடு போய்ச் சீமைக்கருவேல முள்ளை வெட்டி இழுத்துவந்து, பாதையோரம் கிணற்றைச் சுற்றி அடர்த்தியாக அடைத்தாள். பழைய சிவப்புச் சேலை ஒன்றைக் கிழித்து அங்கங்கே கட்டினாள். "என்னம்மா, அய்யனாருக்கு வேண்டுதலா?" என்று பாதையில் போனவர்கள் கேலியாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஊரே சிரிக்குது. எடுத்துப் போடு," என்றேன்.

"சிரிக்கட்டும்ங்க. சிரிச்சா யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது."

பத்து நாள் போயிருக்கும். கடையிலிருந்து திரும்பும்போது நல்ல மழை. பொழுது சாயவில்லை என்றாலும், ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து எதிரே எதுவும் தெரியவில்லை. வளைவில் வண்டி வழுக்கியது. பிரேக்கைப் பிடித்ததுதான் நினைவிருக்கிறது. பிறகு பார்த்தால், வண்டி முள்ளில் சிக்கிச் சாய்ந்திருக்க, நானும் அதன்மேல் கிடந்தேன். என் தலைக்கு ஒரு முழம் தள்ளி, கிணற்றுத் தண்ணீரில் மழை விழும் சத்தம். அசையவே பயமாக இருந்தது. எனக்கு நீச்சல் தெரியும்தான். மழைக்கோட்டோடும் வண்டியோடும் விழுபவனுக்கு எந்த நீச்சல் உதவும்?

நான் போட்ட சத்தம் கேட்டு, பக்கத்து வயல்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டார்.

வீட்டில் சேஃப்டி பின்னை வைத்து என் உடம்பிலிருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடுத்த முள்ளைத் தேடினாள்.

"ஏதாவது சொல்லிரு," என்றேன்.

"என்னத்தச் சொல்றது? அந்தப் பக்கம் திரும்புங்க, முதுகுல இன்னும் இருக்கு." குரல் உடைந்திருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு, நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். என் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"தை பொறக்கட்டும், கட்டிப்புடலாம்," என்றார் கடைசியில்.

"தை வரைக்கும் அந்த முள்ளு தாங்காதுங்க மாமா," என்றாள் அவள்.

மழை விட்ட முதல் வாரமே வேலை தொடங்கியது. பெரியப்பா கல் இறக்கினார். நான் சிமெண்ட் வாங்கிவந்தேன். அய்யனார் வேண்டுதலா என்று கேட்டவர்களில் இரண்டு பேர் கலவை குழைத்தார்கள். இடுப்பளவு சுவர் எழும்பியதும் பெரியப்பாவே வெள்ளையடித்தார். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில்தான் எல்லோருக்கும் சாப்பாடு. பெரியப்பா இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினார்.

இப்போது தெருமுனையில் சாய்ந்து நிற்கும் கரண்டுக் கம்பத்தை மாற்றச் சொல்லி மின்வாரியத்துக்கு மனு எழுதச் சொல்கிறாள். நேற்று ஒன்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"கம்பம் சாஞ்சிருக்குன்னு மட்டும் எழுதுனா யாரு வருவா? அதுக்குக் கீழ பால்வாடி இருக்குன்னு மொதல்ல எழுதுங்க," என்றாள்.

வேறு தாள் எடுத்தேன்.