செவக்காடு இளகியது

என் மனைவிக்கு அவள் அப்பா கொடுத்த நிலம் செக்கானூரணியைத் தாண்டி இருக்கிறது. செம்மண் பூமியான ஒன்றரை ஏக்கர் செவக்காடு, ஒரு கிணறு, வரப்போரம் நாலு வேம்பு. நான் செல்லூரில் விசைத்தறி உதிரி பாகங்கள் விற்கும் கடையில் வேலை பார்ப்பவன். கம்பையும் சோளத்தையும் நாற்றாகக் காட்டினால் எனக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் நிலத்தில் அவள் சொல்வதுதான் சட்டம். நான் ஞாயிற்றுக்கிழமை வேலையாள்.

பல வருடம் குத்தகைக்கு விட்டிருந்தோம். எடுத்தவர்கள் எல்லோரும் உரத்தையும் மருந்தையும் கொட்டிப் பார்த்துவிட்டு, இனி விளையாது என்று விட்டுப் போனார்கள். நாங்களே பார்க்கலாம் என்று போய் முதன்முதலில் மண்வெட்டியைப் போட்டபோது, சிமெண்டுத் தரையில் பட்டதுபோல டங்கென்று எகிறியது. அன்று முழுக்க என் கை மரத்துக் கிடந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. டி. கல்லுப்பட்டி பக்கம் ரசாயனம் இல்லாமல் விவசாயம் பார்க்கிற ஒருவரின் தோட்டத்துக்கு இரண்டு மூன்று முறை போய்வந்தாள். கடைசி முறை ஒரு சாக்கு விதையோடு வந்தாள். கம்பு, எள், தட்டை, கொள்ளு, சணப்பு, ஆமணக்கு, கொத்தமல்லி, இன்னும் என்னென்னவோ.

“அம்புட்டையும் ஒண்ணா வெதச்சா எத அறுக்குறது?” என்று கேட்டேன்.

“எதையும் அறுக்கப் போறதில்லங்க. பூப் பூக்குற நேரத்துல அப்படியே மடக்கி உழுதுருவோம். இது மண்ணுக்குச் சாப்பாடு.”

கோடை மழை ஈரத்தில் விதைத்தோம். சின்ன விதைகளை மணலோடு கலந்து அவள் வீச, நான் பின்னாலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மூன்று வாரத்தில் காடு முழுக்கப் பச்சை. அப்போது அவளுடைய சித்தப்பா மகள் கல்யாணம் வந்துவிட்டது. பத்து நாள் நாங்கள் அந்தப் பக்கமே போக முடியவில்லை.

கல்யாணம் முடிந்த ஞாயிறு போய் வண்டியை நிறுத்தினோம். காடு முழுக்கக் கருகிக் கிடந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் வரப்பில் நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

பக்கத்து நிலத்துக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். அவளுக்கு அண்ணன் முறை, எனக்கு மச்சான். ஆடு வைத்திருப்பவர். நாங்கள் விதைத்த வாரம் மந்தையோடு மேய்ச்சலுக்கு வெளியூர் போயிருந்தார்.

“வாங்க மாப்ள. தங்கச்சி, நீ கல்யாண வேலையா அலையிறன்னு சொன்னாக. காடு பூராக் களை மண்டிக் கெடந்துச்சு. எனக்கு அடிச்ச களை மருந்து மிச்சமிருந்துச்சா, ஒனக்கும் சேத்து அடிச்சுவிட்டுட்டேன்.”

“அண்ணே,” என்றாள் அவள். “அது களை இல்லண்ணே. நான் வெதச்சது.”

அவர் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “வெதச்சதா? எள்ளும் தட்டையும் சணப்பும் ஒரே எடத்துல மொளச்சு நிக்கவும், தானா மொளச்சதுன்னுல்ல நெனச்சேன்!”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “யாரக் கேட்டு எங்க காட்டுல எறங்குனீங்க?” என்று கத்திவிட்டேன். அவள்தான் என் கையைப் பிடித்தாள். “விடுங்க. அவுக என்ன கெட்டதுக்கா செஞ்சாக?” சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அழுகிறவளைப் பார்த்துக்கொண்டு அவரும் நின்றார், நானும் நின்றேன்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போவதற்கு முன்னாலேயே அவர் எங்கள் காட்டில் குனிந்து கருகிய செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மருந்து பட்ட தழை ஆடு வாயில் போய்விடக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்து முள்ளைப் போட்டு மூடினோம். வேலை முடிந்ததும் என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னார்: “ரெண்டு மழை பேயட்டும் தங்கச்சி. எங்கிட்ட அறுவது உருப்படி நிக்குது. ஒங் காட்டுல கெடை போடுறேன். காசு கீசுன்னு பேசாத.”

சொன்னபடியே செய்தார். ராத்திரி ஆடுகளை எங்கள் நிலத்தில் வலை கட்டி அடைப்பார். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். மறுநாள் வலையைப் பத்தடி தள்ளிக் கட்டுவார். இப்படி முழுக்காட்டையும் சுற்றி வந்தார். அந்த நாட்களில் நான் போட்டிருந்த பேண்ட்டை எத்தனை சோப்புப் போட்டும் ஆட்டு வாடை போகவில்லை. ஆவணியில் திரும்பவும் விதைத்தோம். இந்த முறை வாளியைத் தூக்கியது அவர். பூத்ததும் அவள் சொன்னபடியே மடக்கி உழுதோம்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். நான் வேலைக்குப் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்தம் முடிந்ததும் வாசலில் கட்டின வாழைமரங்களைக் குப்பையில் தள்ளுவார்கள். தெரிந்த ஒருவருடைய லோடு ஆட்டோவில் அவற்றை ஏற்றிப்போய், துண்டு துண்டாக வெட்டி வெற்று மண் தெரிகிற இடத்தில் எல்லாம் பரப்பினோம். மண்டபத்து வாட்ச்மேன் எனக்கு மாட்டுப்பண்ணை இருக்கிறது என்று நம்பினார். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

அடுத்த வருட ஐப்பசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் மழை ஊற்றியது. மூவரும் மோட்டார் ரூமில் ஒதுங்கினோம். மச்சான் காட்டிலிருந்து தண்ணீர் செக்கச்செவேலென்று மண்ணை வாரிக்கொண்டு ஓடையில் இறங்கியது. எங்கள் காட்டில் கொஞ்ச நேரம் தேங்கி நின்றது. பிறகு பார்க்கப் பார்க்க உள்ளே இறங்கிவிட்டது.

“மாப்ள, ஒங்க தண்ணி எங்கிட்டுப் போகுது?”

“எங்கிட்டும் போகல மச்சான். மண்ணு இங்கனயே குடிக்குது.”

மழை விட்டதும் அவர் இறங்கிப் போய்க் கையாலேயே மண்ணைத் தோண்டினார். மணிக்கட்டு வரை இறங்கியது. ஒரு மண்புழு நெளிந்தது. அதை மெதுவாகத் திரும்ப உள்ளே விட்டு மண்ணைத் தள்ளினார்.

மார்கழியில் கடலை போட்டோம். பங்குனியில் செடியைப் பிடித்து இழுத்தால் காய் கொத்தோடு வந்தது. முன்பெல்லாம் இறுகின மண்ணில் பாதிக் காய் அறுந்து உள்ளேயே நின்றுவிடும், கொத்திக் கொத்தித்தான் எடுக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். கிணற்றிலும் தண்ணீர் முன்னைவிடக் கொஞ்ச நாள் கூடுதலாக நின்றது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வடக்கு மூலை இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. மயில் விதையைப் பொறுக்கித் தின்கிறது.

இந்தச் சித்திரையில் மச்சான் வரப்பேறி வந்து, “அந்தக் கலப்பு வெதையில இம்புட்டுக் குடு தங்கச்சி. ஓரமா ஒரு துண்டுல போட்டுப் பாக்குறேன்,” என்றார்.

“ஓரமா எதுக்குண்ணே, நடுக்காட்டுல போடுங்க.”

“மொதல்ல ஓரமா போடுறேன், அப்புறம் பாப்போம்.”

இரண்டு பேரும் இதைப் பேசி முடிக்க வெகுநேரம் ஆனது. நான் வேம்படியில் துண்டை விரித்துப் படுத்து, கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.