உண்ணி இல்லாத மாடு

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் மாதாமாதம் அதே மாடுகளிடமிருந்து உண்ணி சேகரித்து, அவற்றில் என்ன நோய்க்கிருமி இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. வருஷக்கணக்காகச் செய்கிறேன்.

செல்வியக்காவின் கன்று போன மாதம் உண்ணிக் காய்ச்சலில் செத்தது. அதனால் இன்று அவர் மாடுதான் முக்கியம்.

இரண்டு பஸ் மாறி, மழையில் மேடேறிப் போனேன். மாட்டைப் பளபளவென்று கழுவிக் கட்டியிருந்தார்.

“நீங்க வர்றீங்கன்னு நேத்தே எல்லா உண்ணியையும் புடுங்கி அடுப்புல போட்டுட்டேங்க. அழுக்கா இருந்தா என்ன நெனப்பீங்க?”

தோட்டத்து மேலாளர் துரை வருகிறார் என்றால் லயத்துக்கே வெள்ளையடிக்கும் ஊர். கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு இறங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் முழங்காலுக்குப் பின்னால் ஏதோ தட்டுப்பட்டது. இன்று கிடைத்த ஒரே உண்ணி.

இதை எந்த மாட்டின் பெயரில் பதிவது, சொல்லுங்கள்.