பதினாறு பேரும் ஒரு பதிலாளும்

ஓடாத நிரலைச் சமாளித்துவிடலாம். பாதி ஓடுகிற நிரல்தான் ஆளைக் கொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் ப்ராக்ஸி எழுதி அவதிப்பட்ட சகோதர சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: கல்லூரியில் வராத நண்பனுக்காக 'உள்ளேன் ஐயா' சொன்னீர்களே, அதே வேலைதான். உண்மையான தகவலுக்கு முன்னால் ஒரு பதிலாள் நின்றுகொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் தானே பதில் சொல்லும்.

எங்கள் அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. பக்கத்துத் தொழிற்சாலையின் வேன்களுக்கு நாங்கள்தான் செயலி எழுதிக் கொடுத்தோம். அன்று ஏற வேண்டியவர்களின் பெயர், நிறுத்தம், போன் நம்பர் மூன்றும் ஓட்டுநரின் போனில் வரும். பாரிவாக்கத்தில் ஏறுகிற தேவகியின் நம்பரை ஒரு மாற்று ஓட்டுநர் எடுத்து வைத்துக்கொண்டு, தினமும் ரோஜாப் பூவோடு 'குட் மார்னிங்' அனுப்பினார். ஆளை நீக்கினார்கள். நம்பர்களை மறைக்கும் வேலை எனக்கு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் பழைய பட்டியலே, நம்பர்களோடு, திரும்பி வரும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

எல்லாவற்றுக்கும் 'இல்லை'

பட்டியலுக்கு முன்னால் பதிலாளை நிறுத்தினேன். 'தேவகி?' என்று கேட்டால் பெயரையும் நிறுத்தத்தையும் சொல்லும், நம்பரைச் சொல்லாது. தெரியாத எதைக் கேட்டாலும் 'பயணி இல்லை' என்று மரியாதையாகச் சொல்லும்படியும் எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

செவ்வாய்க்கிழமை காலை பாஸ்கரின் போனில் ஒரு பெயரும் இல்லை. பாஸ்கர் நூம்பல், பாரிவாக்கம், நசரத்பேட்டை தடத்தின் ஓட்டுநர். நடந்தது இதுதான்: பட்டியலை வரிசையாகப் படிக்க வரும் நிரல், 'உன்னிடம் ஒவ்வொருவராகக் காட்டும் வழி இருக்கிறதா?' என்று முதலில் கேட்கும். என் பதிலாள் அதற்கும் 'பயணி இல்லை' என்று சொல்லியிருக்கிறது. பக்கத்து இருக்கையில் சோதனை பார்க்கிற ஜெனிஃபர், ஆவடி குவார்ட்டர்ஸ் பெண், திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வாசல்ல நிறுத்துன வாட்ச்மேனுக்கு 'இல்லை'ன்னு சொல்ல மட்டும்தானே சார் சொல்லிக் குடுத்தீங்க?"

முடிவில்லாத வேன்

ஒவ்வொருவராகக் காட்டும் வழியை நானே எழுதினேன். 'அடுத்தவர்' என்றால் அடுத்த பெயரைத் தரும். பெயர்கள் தீர்ந்ததும் 'முடிந்தது' என்று சொல்ல வேண்டும் என்பதை மறந்தேன். இந்தத் தவறைச் செய்யாதவர்கள் கை தூக்கலாம், நம்பமாட்டேன்.

புதன்கிழமை பதினாறு பெயர்களும் அழகாக வந்தன. அதன் பிறகு பெயரே இல்லாத வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, போன் சூடாகி, நசரத்பேட்டை வருவதற்குள் நின்றேபோனது. பாஸ்கர் கிளீனரின் போனிலிருந்து கூப்பிட்டார்: "பதினாறுக்கு மேல பேரில்லாத ஆளுங்க வந்துகினே கீறாங்க சார், பேயையெல்லாம் எந்த ஸ்டாப்புல ஏத்துறது?"

குறுக்கு வழி

கையில் இரண்டு நாள் இருந்தது. அவசரத்தில், வரிசையாகப் படிக்க யார் வந்தாலும் நேரே உள்ளே இருக்கும் உண்மையான பட்டியலிடம் அனுப்பிவிடு என்று பதிலாளிடம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை பெயர்கள் வந்தன, சரியாக முடிந்தன. அலுவலகத்தில் எனக்கு ஒரு டீ கூடுதலாகக் கிடைத்தது.

உள்ளே போனவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள் என்பது டீ ஆறுவதற்குள் தெரிந்தது. ஸ்டாப்பில் தேவகியைக் காணாத பாஸ்கர், திரையில் நம்பர் இருந்ததால் நல்லெண்ணத்தோடு கூப்பிட்டிருக்கிறார். தேவகி எங்கள் அலுவலகத்துக்கே போன் போட்டார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் உறைத்தது. "நம்பர மறைச்சாச்சுன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கீங்க சார், பசைகூட காயல, அதுக்குள்ள போன் வருது."

வெள்ளிக்கிழமை

வியாழன் மாலையே ஜெனிஃபரை அருகில் உட்காரவைத்துத் திரும்ப எழுதினேன். பதிலாள் உள்ளே இருந்து ஒருவரை அழைத்து வரும், நம்பரை மறைக்கும், பிறகே வெளியே அனுப்பும். ஆள் தீர்ந்ததும் 'முடிந்தது' என்று வாய்விட்டுச் சொல்லும். ஜெனிஃபர் காலிப் பட்டியலில் ஒரு முறை, ஒரே பெயரில் ஒரு முறை, பதினாறில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

மறுநாள் காலை எனக்கு நம்பிக்கை இல்லை. பூந்தமல்லியில் நானே வேனில் ஏறி, பாஸ்கர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் பதினாறு பெயர்கள். ஒரு நம்பரும் இல்லை. பாரிவாக்கத்தில் தேவகியும் இல்லை. போன் செய்ய வழியில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய பட்டியல் திரும்பி வர இந்த ஒரு காரணம் போதும்.

பாஸ்கர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஹார்னை மூன்று முறை அழுத்தினார். சந்துக்குள்ளிருந்து டிபன் பாக்ஸை மூடியபடியே தேவகி ஓடி வந்து ஏறி, பாஸ்கரிடம் சொன்னார்: "இதுக்கு நம்பர் எதுக்கு சார், தெருவுக்கே கேக்குதே!"

மூன்று நாள் ராப்பகலாக யோசித்து நான் எழுதிய பதிலாளுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. அதற்கான மருந்தை வேன் செய்தவர்கள் முன்பே ஸ்டீயரிங்கின் நடுவில் வைத்துவிட்டிருந்தார்கள்.