எங்கள் பந்தயக் குதிரை

என் கணவர் நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட். வேலைக்கு வெளியே அவர் எதிலும் நிரந்தரமாக இருந்ததில்லை. டென்னிஸ், கேமரா, போன்சாய் என்று தொட்டுத் தொட்டு விட்டவர், போன வருஷம் ஒரு வெள்ளைப் பெண்குதிரை வாங்கினார். பந்தயத்தில் ஓடியது என்று தரகர் சொன்னாராம். கம்பெனி குவார்ட்டர்ஸில் கோழி வளர்த்தாலே புகார் போகும் என்பதால், காடாம்புலியூரில் என் அண்ணனுடைய முந்திரித் தோப்பில் அதைக் கட்டினோம்.

முதன்முதலாக ஏறும் நாளன்று கணவருக்கு இடுப்பு வலி வந்துவிட்டது.

"நீதானே ஸ்கூலில் விளையாட்டு டீச்சர்? நீ ஓட்டு, நான் வீடியோ எடுக்கிறேன்."

எனக்கும் உள்ளூர ஆசைதான். ஏறிவிட்டேன்.

பயிற்சி கொடுக்க எங்கள் பிளாக்கிலிருந்து ஒரு முன்னாள் ராணுவக்காரர் வந்தார். குதிரைப் பிரிவில் இருந்தவராம். தோப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், இளநீர் வரும்வரை எழுந்திருக்க மாட்டார்.

முதலில் டிரெஸ்ஸாஜ் என்றார். நாம் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் சைகை காட்ட, குதிரை வட்டமாகவும் குறுக்காகவும் அழகு நடை போட வேண்டும்.

"உங்க மனசு குதிரைக்குப் புரியணும் மேடம்."

என் பயம் புரிந்துதான் இருக்க வேண்டும். அது இடத்தைவிட்டு அசையவில்லை.

பிறகு தாண்டும் பயிற்சி. இரண்டு பெயின்ட் டப்பாக்கள் மேல் ஒரு கழியை வைத்தார்கள். குதிரை வேகமாக ஓடிப்போய், கழிக்கு முன்னால் சட்டென நின்று, கீழே கிடந்த முந்திரிப் பழத்துக்குக் குனிந்தது. கழியைத் தாண்டியது நான் மட்டும். என் முழங்கைக்குக் கட்டுப் போட்ட நர்ஸ், "எந்த ஸ்கூட்டரு?" என்று கேட்டார். கணவர் அந்த வீடியோவை உறவினர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார்.

கை ஆறியதும் நெடுந்தூரச் சவாரி என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருவதிகைக்குப் புறப்பட்டோம். நான் குதிரையில், கணவரும் ராணுவக்காரரும் பின்னால் காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு. ஊருக்குள் நுழைந்ததும் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் தவில் சத்தம் கேட்டது. குதிரை காதை நிமிர்த்தியது. லகானை எந்தப் பக்கம் இழுத்தும் பயனில்லை. நேராகக் கூட்டத்துக்குள் போய், முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கி, கழுத்தை வளைத்து, தவிலுக்குச் சரியாக ஆட ஆரம்பித்தது.

பட்டு வேட்டி கட்டிய ஒருவர் ஓடிவந்து என்னிடம் கத்தினார்.

"எவ்ளோ நேரமா நின்னுக்கினு இருக்கோம்! இப்பதான் குதிரைய ஓட்டிக்கினு வரியா? எறங்கும்மா, மாப்ள ஏறணும்!"

காரிலிருந்து இறங்கிய கணவர், "சார், இது ரேஸ் குதிரை" என்றார்.

"ரேஸா? போன வைகாசில என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு இதாங்க ஆடுச்சி. நெத்தி சுழி எனக்குத் தெரியாதா?"

குதிரை ஆடிய ஆட்டத்தில், கணவர் முகத்தைப் பார்க்க நான் இறங்கியே ஆக வேண்டியிருந்தது. அத்தனை மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இறங்கியதில்லை.

மாப்பிள்ளையை நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். அவர் சேணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குதிரையோ தலையை நிமிர்த்திக்கொண்டு, அத்தனை பேரும் தன்னைப் பார்க்கத்தான் வந்தது போல ஆடியது. தோப்பில் மாதக்கணக்கில் தூங்கி வழிந்த பிராணியா இது என்று இருந்தது. லகானைப் பிடித்து நடந்த என்னை வீடியோக்காரர், "பிரேம்ல விழறீங்க, ஓரமா வாங்க" என்று விரட்டினார். நிஜமாகவே பதிவு செய்திருந்த குதிரை ஊர்வலம் முடிந்தபிறகுதான் வந்தது. அதன் சொந்தக்காரர் எங்களைத் திட்டிய திட்டு அத்தனையும் நியாயம்.

மண்டபத்துப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது முன்னாள் ராணுவக்காரர், "நான் போட்ட அடிப்படை எப்படி வேலை செய்யுது பாத்தீங்களா மேடம்?" என்றார். இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டே கணவரும் தலையாட்டினார்.

இப்போதும் ஞாயிறுதோறும் தோப்புக்குப் போகிறேன். செல்போனில் தவில் இசையைப் போட்டு, போனைச் சேணத்தில் கட்டிவிடுகிறேன். அது ஆடுகிறது, நான் விழாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் கணவர் சுரங்கத்து ஷிஃப்ட் பஸ்ஸில் குதிரை ஆடும் வீடியோவைக் காட்டி, டிரெஸ்ஸாஜ் என்று விளக்கம் சொல்கிறாராம். பஸ்ஸில் இதுவரை யாரும் மறுத்துப் பேசவில்லை.