குழாயருகே மூன்று பேர்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நம்பாதவர்களோடு வாதாடப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. அன்று என் கை விசைமேல் இருந்தது எனக்குத் தெரியும்.

எண்ணெய்க் கிணறுகளைப் பழுதுபார்க்கும் குழுவில் நான் பம்ப் ஓட்டுபவன். லாரி கேபினில் உட்கார்ந்து, இரும்புக் குழாய் வழியாகக் கிணற்றுக்குள் திரவத்தைச் செலுத்துவேன். அழுத்தம் ஏறும்போது குழாயருகே யாரும் நிற்கக் கூடாது. ஜாயின்ட் தெறித்தால் உடம்பு மிஞ்சாது. அதனால் ஒவ்வொருவரும் வாக்கிடாக்கியில் 'வெளிய' என்று சொன்ன பிறகே விசையைத் தள்ளுவேன்.

காலை 6.10. பனிமூட்டம். குழாய் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. கீழே மூன்று பேர். ஃபோர்மேன், வால்வுக்காரர், என் மனைவியின் தம்பி. வேண்டாம் என்று அவள் அழுதும் அவனை இந்த வேலையில் சேர்த்தது நான்தான்.

"வெளிய." ஃபோர்மேன்.

"வெளிய." வால்வுக்காரர்.

"வெளிய வந்துட்டேன் மாமா. ஏத்துங்க."

விசையைப் பிடித்தேன். தள்ளவில்லை.

லாரி என்ஜின் இரைந்துகொண்டிருந்தது. கீழிருந்து யார் பேசினாலும் பின்னால் அந்த இரைச்சல் கேட்கும். இந்தக் குரல்களுக்குப் பின்னால்... ஒன்றுமே இல்லை.

6.12.

"மாப்ளே, காலையில அக்கா என்ன சொல்லி அனுப்புச்சு?"

"ஏத்துங்க மாமா."

"அக்கா என்னடா சொல்லுச்சு?"

"ஏத்துங்க மாமா."

அதே தொனி. பிறகு மூன்று குரல்களும் சேர்ந்து...

"ஏத்துங்க."

இறங்கினேன். குழாயைத் தொட்டபடியே நடந்தேன்.

டங்... டங்...

குழாய் அதிர்ந்தது.

சுத்தியல்.

மூன்று பேரும் ஜாயின்டைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். மைத்துனனின் முகம் அதற்கு ஒரு சாண் மேலே.

"இங்க என்ன பண்றீங்க?" கத்தினேன்.

ஃபோர்மேன் நிமிர்ந்தார். "யோவ், மறை கழண்டு போச்சா உனக்கு? நீதானே வாக்கிடாக்கில கூப்பிட்ட? பம்பை நிறுத்திட்டேன், மூணு பேரும் வந்து ஜாயின்டை இறுக்குங்கன்னு!"

மைத்துனன் என்னையே பார்த்தான். "உங்க குரல்தான் மாமா."

மறுநாளே அவன் வேலையை விட்டான். இப்போது நான் போன் செய்தால் எடுப்பதில்லை. எதிரில் போய் நின்றால்தான் பேசுகிறான்.

என் வாக்கிடாக்கியை அது நடந்த அன்றே ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"அவங்க மூணு பேரும் ஆறாவது சேனல். நீங்க காலையிலேருந்து ஒன்பதுல வெச்சிருக்கீங்க. நீங்க பேசினது அவங்களுக்குக் கேட்டிருக்காது, அவங்க பேசினது உங்களுக்கும் கேட்டிருக்காது. ஒன்பதுல இங்க வேற ஆளே கிடையாதுங்க."