வராத மூன்றாம் அழைப்பு: பாலிங் தோட்டத்தில் ஒரு பேய்ப்படப் பிடிப்பு

சென்ற ஆகஸ்டு மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பாலிங் சென்றது ஊர் பார்ப்பதற்காக அல்ல, பேயாக நடிப்பதற்காக. இருபத்தைந்து ஆண்டுகளாக மேடைகளில் முழங்கிய குரல் என்னுடையது. அதைக் கேட்டுத்தான் மலர்விழி என்னை அழைத்தார். அவர் வார நாள்களில் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலை ஒன்றில் எழுத்தர். விடுமுறை நாள்களில் குறும்பட இயக்குநர். பன்னிரண்டு மணித்துளி ஓடும் அவருடைய முதற்படத்தில் ஒரே ஒரு காட்சி எஞ்சியிருந்தது. தலைவியாக நடிக்கும் சாந்தி அன்றிரவே வேலைக்காகத் தெற்கே ஜொகூர் புறப்படுகிறார். தோட்ட நிருவாகம் தந்த இசைவும் மாலை நான்கு மணியோடு முடிகிறது. அன்று எடுக்காவிட்டால் படமே இல்லை.

காலை 7.40க்கு ஒலிப்பதிவாளர் குணாவின் வேனில் சுங்கைப்பட்டாணியிலிருந்து புறப்பட்டோம். கோல கெட்டில் வழியாகச் சென்றால் பாலிங் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். வேனுக்கு எண்ணெய் முப்பது வெள்ளி. கோல கெட்டிலில் பசியாறினோம்: இரண்டு ரொட்டி சானாய், ஒரு தேநீர், ஆளுக்கு ஐந்து வெள்ளி இருபது காசு. (குழம்பு காரம், கேட்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.)

“வசனம்லாம் மனப்பாடமா ஐயா?” என்றார் குணா.

“இரண்டு பக்கம் எழுதியே கொண்டு வந்திருக்கிறேன்.”

“ரெண்டு பக்கமா? பேய்க்கு அவ்ளோ டைம் கிடையாது லா ஐயா.”

பாலிங் நகருக்கு ஆறு கிலோமீட்டர் முன்னதாக இடப்புறம் திரும்பி, மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதையில் சென்றோம். 9.25க்குத் தோட்டத்தை அடைந்தோம். ஆளில்லாத லயம் ஒன்று, தொழிலாளர் வீடுகள் பன்னிரண்டு ஒரே வரிசையில். ஒருபுறம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, மறுபுறம் இரப்பர். அது இரப்பர்க்காய் வெடிக்கும் காலம். வெயில் ஏற ஏறக் காய்கள் ‘படார்’ என வெடிக்கும். கொட்டைகள் தகரக் கூரையில் வந்து விழும். முதன்முறை கேட்பவர் யாரோ கல்லெறிவதாகவே எண்ணுவார்.

மலர்விழி என் இரண்டு பக்கங்களையும் பொறுமையாகப் படித்தார். “நல்லாருக்கு ஐயா. ஆனா உங்களுக்கு ரெண்டே வார்த்தைதான். ‘வள்ளி’. கொஞ்சம் விட்டு இன்னொரு ‘வள்ளி’. அதோட சரி.”

கதை இதுதான். வள்ளியின் கணவன் இறந்து மூன்று நாள் ஆகிறது. உச்சி வெயிலில் அவள் தனியே அமர்ந்திருக்கிறாள். வெளியிலிருந்து அவன் குரல் அவளை அழைக்கிறது. தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வழக்கம் தெரியும்: உச்சிப்பொழுதில் வெளியிலிருந்து யாரேனும் பெயர் சொல்லி அழைத்தால் உடனே குரல் கொடுக்கக் கூடாது. மூன்றாம் முறை அழைத்தால்தான் மனிதர்; மற்றவை இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். பார்ப்பவரை மூன்றாவதற்காகக் காத்திருக்க வைத்துவிட்டு, அதைக் கொடுக்காமல் விடுவதே மலர்விழியின் திட்டம்.

அவர் காட்சியை அமைத்த முறையை அருகிருந்து கண்டேன். படக்கருவியை அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் நிறுத்தினார். சாந்தி படச்சட்டத்தின் இடது ஓரத்தில். எஞ்சிய இடமெல்லாம் வெற்றுச்சுவரும் மூடிய கதவும். வெற்றிடத்தைக் காட்டினால் கண் தானாகவே அங்கே போய் எதையோ தேடும் என்றார். படக்கருவி அசையவே கூடாது. அசைந்தால் ஏதோ வரப்போகிறது என்று பார்ப்பவர் ஆயத்தமாகிவிடுவார். இசையும் இல்லை. “மியூசிக் போட்டா எங்க பயப்படணும்னு நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிரும்.” கதவின் அடியில் ஒரு விரற்கடை வெளிச்சம், அதில் என் இரு கால்களின் நிழல் விழும். இரண்டாம் அழைப்புக்குப் பின் நான் வாசலில் விரித்த சாக்கின் மேல் ஓசையின்றிப் பின்வாங்க வேண்டும். நிழல் மறையும், காலடி கேட்காது. வள்ளி எழுந்து வந்து கதவைத் திறப்பாள். அந்த நொடியில் திரை இருண்டுவிடும்.

காட்சியைக் கெடுத்தவன் நான். முதல் முறை, பழக்கத்தால், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அழைத்தேன். செம்பனையிலிருந்து பறவைகள் எழுந்து பறந்தன. குணா காதுக்கருவியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். இரண்டாம் முறை குரலைத் தாழ்த்தி இருமுறை அழைத்தேன். அமைதி நீண்டது. மேடையில் நான் எதையும் மும்முறை கூறுபவன். ஏழெட்டு நொடி ஓய்ந்தால் கூட்டம் கலையும் என்று அஞ்சிப் பழகியவன். என்னையறியாமல் மூன்றாம் ‘வள்ளி’ வெளிவந்துவிட்டது.

“இந்தா வந்துட்டேன்!” என்று உள்ளிருந்து சாந்தி கத்தினார். “மூணு தடவ கூப்பிட்டா நீங்க பேய் இல்ல ஐயா, தபால்காரர்.”

எல்லோரும் சிரித்தார்கள்; மலர்விழி மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் முறை செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று கடந்து போயிற்று. அதன்பின் வானம் மூடி, கதவடி வெளிச்சமே போய்விட்டது. இரண்டு மணிநேரம் வெயிலுக்காகக் காத்திருந்தோம். ஒருவரும் என்னைக் கடிந்து பேசவில்லை. அதைத் தாங்குவதுதான் எனக்கு எளிதாக இல்லை.

3.35க்கு வெயில் திரும்பிற்று. “இதான் கடைசி ஐயா. வாய மூடிக்கங்க, ப்ளீஸ்,” என்றார் மலர்விழி. இருமுறை அழைத்தேன். பின்வாங்கினேன். கீழுதட்டைக் கடித்தவாறு நின்றேன். ஒரு காய் வெடித்தது. கூரையில் கொட்டை உருண்டது. நாற்பது நொடி இருக்கும்; உள்ளே தாழ்ப்பாளை நோக்கிக் காலடிகள் வந்தன, நின்றன. கதவு திறக்கவில்லை. மாறாக, கனமான ஏதோ ஒன்று சிமெண்டுத் தரையில் இழுபட்டுவந்து கதவில் முட்டியது.

“கட்!” என்றார் மலர்விழி. அவர் குரலில் சினமா களிப்பா என்று வெளியில் நின்ற எனக்குத் தெரியவில்லை.

பாலிங் நகரத் தேநீர்க் கடையில், 4.50க்கு, சிறு திரையில் அதைப் போட்டுப் பார்த்தோம். சாந்தி தாம் அமர்ந்திருந்த விசுப்பலகையை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

“தொறக்கணும்னுதானே சொன்னேன்?” என்றார் மலர்விழி.

“தொறக்கத்தான் போனேன்கா. கை வரல லா. எங்க வீட்டுல அப்படியே வளத்துட்டாங்க.”

மலர்விழி காட்சியை மறுமுறை ஓட்டினார். பிறகு, “இதான் முடிவு. இப்படியே வச்சிக்கிறேன்,” என்றார். சாந்தி தம் பேருந்தைப் பிடித்தார். படம் முழுமை பெற்றது.

அப்பக்கம் செல்ல விரும்புவோர்க்கு: தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் இசைவு பெறுங்கள். மழைக்குப் பின் செம்மண் பாதையில் சிறு மகிழுந்து சிக்கிக்கொள்ளும். உள்ளே கைப்பேசித் தொடர்பு இல்லை, கொசு உண்டு. மாலையில் பாலிங் சுண்ணாம்புக் குன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

பேய்ப்படம் எடுக்கச் செல்வோர்க்கு ஒன்று மட்டும்: கதவுக்கு வெளியே நிற்பவரைக் காட்டாதீர்கள். அன்று அங்கே நின்றவன் நான்தான். இருந்தும், திரையில் அந்த நிழல் ஓசையின்றி விலகியபோது, வெளியே நிற்பது யாரென்று எனக்கும் தெரியவில்லை.